உங்களுக்குத் தெரியுமா? எட்டாம் பாகையில் ஏறும் சுட்டி

◆ நாடு முழுவதையும் ஒரே மூச்சில் சொல்ல "பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை" என்போம். அந்த இரு முனைகளுக்கும் நடுவே, கணினி மட்டும் கவனிக்கிற ஓர் எல்லை ஓடுகிறது: வடக்கு அகலக்கோடு 8 பாகை. சி மொழியில் எழுதிய ஒரு நிரல் அகலக்கோட்டை ஃபுளோட் வகை எண்ணாக வைத்திருந்தால், இந்தக் கோட்டுக்குத் தெற்கே அந்த எண்ணின் சுட்டி 2. வடக்கே 3. சீகிரியா தெற்குப் பக்கம் விழுகிறது. புத்தளமும் அனுராதபுரமும் வடக்குப் பக்கம்.

◆ அது என்ன சுட்டி? பாடசாலையில் விஞ்ஞானமுறைக் குறிப்பீடு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே 10இன் அடுக்கு, கணினிக்குள் 2இன் அடுக்கு. பருத்தித்துறையின் அகலக்கோடு ஏறத்தாழ 9.82 பாகை. அதை 1.2275 × 2³ என்று எழுதலாம், ஆகவே சுட்டி 3. நெடுங்கோடு ஏறத்தாழ 80.23. அது 1.2536 × 2⁶, சுட்டி 6. மிதவைப் புள்ளி எண் பொதுவாக 1க்கும் 2க்கும் இடைப்பட்ட ஒரு பின்னப் பகுதியாகவும், 2இன் மேல் நிற்கும் சுட்டியாகவும் பிரித்தே நினைவகத்தில் வைக்கப்படுகிறது.

◆ ஃபுளோட் எண்ணுக்கு 32 பிட். முதல் பிட் குறிக்கு, அடுத்த 8 சுட்டிக்கு, மீதி 23 பின்னத்துக்கு. டபிள் வகைக்கு 64 பிட்: 1, 11, 52. இந்தப் பங்கீட்டை 1985இல் ஐஇஇஇ 754 தரநிலை நிலைநிறுத்தியது. அதற்கு முன்னின்று உழைத்த வில்லியம் கஹானுக்கு 1989இல் டூரிங் விருது கிடைத்தது.

◆ சுட்டி அப்படியே எழுதப்படுவதில்லை, 127 கூட்டி எழுதப்படுகிறது. எனவே பருத்தித்துறையின் அகலக்கோட்டுக்குள் 130 என்றும் நெடுங்கோட்டுக்குள் 133 என்றும் இருக்கும். டபிளில் கூட்டும் எண் 1023. மறைச் சுட்டிகளும் இதனால் நேர் எண்களாகிவிடுகின்றன. இன்னொரு பெரிய இலாபமும் உண்டு: இரண்டு நேர் ஃபுளோட் எண்களின் பிட்டுகளை வெறும் முழு எண்களாக எடுத்து ஒப்பிட்டாலே எது பெரிது என்று தெரிந்துவிடும்.

◆ சுட்டியைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? அந்த எண் எவ்வளவு நுணுக்கமானது என்பதை அது சொல்லிவிடும். ஃபுளோட்டில் பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டுக்கும் இடையிலான படி, சுட்டியிலிருந்து 23ஐக் கழித்து வரும் 2இன் அடுக்கு. பருத்தித்துறையின் அகலக்கோட்டில் அந்தப் படி 2⁻²⁰ பாகை. நிலத்தில் அளந்தால் ஏறத்தாழ 10.5 சென்ரிமீற்றர். நெடுங்கோட்டில் 2⁻¹⁷ பாகை, ஏறத்தாழ 84 சென்ரிமீற்றர். ஒரே ஊர், ஒரே வகை எண். ஆனால் வடக்கு தெற்காக ஒரு நுணுக்கம், கிழக்கு மேற்காக அதைவிட எட்டு மடங்கு பருமனான இன்னொன்று.

தெய்வேந்திரமுனையில் அகலக்கோடு 5.92. சுட்டி 2 என்பதால் வடக்கு தெற்குப் படி பாதியாகி 5.3 சென்ரிமீற்றர் ஆகிறது. நாட்டின் தெற்கு முனை வடக்கு முனையைவிட இரு மடங்கு நுணுக்கமாகக் கணினிக்குள் பதிவாகிறது.

◆ தமிழ்நாடு முழுவதும், கன்னியாகுமரி முதல் சென்னைக்கு அப்பால் வரை, 8 பாகைக்கும் 16 பாகைக்கும் உள்ளேயே அடங்கிவிடுகிறது. அங்கே எந்த ஊரின் அகலக்கோட்டை எடுத்தாலும் சுட்டி 3தான்.

◆ ரொறன்ரோவின் நெடுங்கோடு மேற்கு 79.4. பருத்தித்துறைக்கும் அந்நகருக்கும் சுட்டி ஒன்றே, 6. குறிப் பிட் மட்டும் மாறும். இலண்டன் நடுவில் நெடுங்கோடு மேற்கு 0.128 அளவில் இருப்பதால் சுட்டி −3 ஆகிறது. கிழக்கு மேற்குப் படி அங்கே ஒரு மில்லிமீற்றர்தான். கிறீனிச் கோட்டை நெருங்க நெருங்க அது இன்னும் நுணுகும்.

◆ சி மொழியில் சுட்டியைப் பிரித்தெடுக்க நேரான வழி ஐலாக்பி என்ற செயற்கூறு. 9.82ஐக் கொடுத்தால் 3 என்ற முழு எண் திரும்பி வரும். இதன் உடன்பிறப்பான லாக்பி அதே விடையை மிதவைப் புள்ளி எண்ணாகத் தரும். இரண்டும் 1999ஆம் ஆண்டுத் தரநிலையில் சி மொழிக்குள் வந்தவை.

◆ இவற்றுக்கு மூத்தது ஃப்ரெக்ஸ்ப். பின்னத்தையும் சுட்டியையும் ஒருசேரப் பிரித்துத் தரும். ஆனால் இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஃப்ரெக்ஸ்ப் பின்னத்தை அரைக்கும் ஒன்றுக்கும் இடையில் வைக்கிறது. அதனிடம் 9.82ஐக் கொடுத்தால் 0.61375 × 2⁴ என்று பிரித்து, சுட்டி 4 என்று சொல்லும். ஐலாக்பி 3 என்கிறது. இரண்டும் சரி. ஃப்ரெக்ஸ்ப் தரும் சுட்டி எப்போதும் ஒன்று கூடுதல் என்பதை நினைவில் வைத்திருந்தால் போதும். சி மொழி வளர்ந்த பிடிபி 11 இயந்திரத்தில் பின்னம் அரைக்கும் ஒன்றுக்கும் இடையில்தான் வைக்கப்பட்டிருந்தது.

◆ பழைய தமிழ்ப் பின்னங்களைச் சுட்டியோடு வைத்துப் பாருங்கள். அரை −1. கால் −2. அரைக்கால் −3. வீசம் −4. அரைவீசம் −5. இவை ஒவ்வொன்றும் 2இன் தூய அடுக்கு. பின்னப் பகுதியின் 23 பிட்டுகளும் பூச்சியமாக இருக்க, சுட்டி மட்டும் ஒவ்வொன்றாக இறங்கும். முன்னோர் பாதி பாதியாகப் பிரித்துப் பெயரிட்ட இந்த அளவுகளைக் கணினி எள்ளளவும் பிசகாமல் வைத்திருக்கிறது.

மா, காணி, முந்திரி அப்படியல்ல. மா என்பது 20இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. மூன்றிலும் 5 என்ற காரணி புகுந்துவிடுவதால் எதுவும் இரும எண்ணில் முழுமையாக முடிவதில்லை. ஆனால் ஓர் அழகு இருக்கிறது. மா 1.6 × 2⁻⁵. காணி 1.6 × 2⁻⁷. முந்திரி 1.6 × 2⁻⁹. மூன்றுக்கும் பின்னப் பிட்டுகள் 23உம் ஒன்றுபோலவே இருக்கும், வேறுபடுவது சுட்டி மட்டுமே. மாவில் கால் காணி, காணியில் கால் முந்திரி என்ற பழைய வாய்பாடு, 122, 120, 118 என்று நினைவகத்துக்குள்ளே இரண்டிரண்டாய் இறங்கி நிற்கிறது.

◆ பத்தில் ஒன்றும் இதே குடும்பம்: 1.6 × 2⁻⁴. முடிவில்லாத அந்த இருமப் பின்னத்தை 24 பிட்டில் வெட்டி வைத்ததால் நேர்ந்ததே 1991 பெப்ரவரி 25ஆம் திகதி சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நடந்த அனர்த்தம். அங்கிருந்த பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு செக்கனாக எண்ணிக்கொண்டு 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியிருந்தது. சேர்ந்த பிழை ஏறத்தாழ 0.34 செக்கன். வந்த ஏவுகணையை அது தவறவிட்டது, 28 படையினர் இறந்தார்கள்.

◆ யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஒரு ஏக்கர், 10 பேர்ச்சஸ் ஒரு பரப்பு. ஏக்கரில் எழுதினால் ஒரு பரப்பு சரியாக ஒரு வீசம். சுட்டி −4, பிழை கிடையாது. ஆனால் பேர்ச்சஸ் 160இல் ஒன்று. அதாவது 1.6 × 2⁻⁸. மாவும் காணியும் நிற்கிற வரிசையில் அதுவும் போய் நிற்கிறது. காணி உறுதியைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் ஏக்கரில் வைத்துக் கூட்டுவதைவிடப் பேர்ச்சஸில் வைத்துக் கூட்டுவது நல்லது.

◆ காணி அளவையில் சுட்டியின் வேலை இன்னும் தெளிவாகத் தெரியும். இலங்கையின் 1999ஆம் ஆண்டு ஆள்கூற்று முறை, பிதுருதலாகல மலையை ஆதாரப் புள்ளியாகக் கொண்டு, அதற்குக் கிழக்காக 500,000 மீற்றர், வடக்காக 500,000 மீற்றர் என்று பெறுமானம் கொடுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பருத்தித்துறையின் வடக்கு ஆள்கூறு எட்டு இலட்சம் மீற்றரைத் தாண்டும். சுட்டி 19. ஃபுளோட்டில் படி 2⁻⁴ மீற்றர். அதாவது ஒரு வீசம் மீற்றர், 6.25 சென்ரிமீற்றர். கிழக்கு ஆள்கூறு நாலரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. சுட்டி 18, படி அரைவீசம் மீற்றர்.

ஆறேகால் சென்ரிமீற்றர் என்பது இரண்டு அங்குலத்துக்கு மேல். கதியாலை ஓர் அங்குலம் தள்ளி நட்டதற்காகத் தலைமுறைக்கணக்கில் வழக்காடிய குடும்பங்கள் உள்ள ஊர்களில் இது சிறிய விடயமே அல்ல. எல்லைக் கல்லின் ஆள்கூற்றை ஃபுளோட்டில் வைக்கவே கூடாது. டபிளில் வைத்தால் அதே வடக்கு ஆள்கூற்றின் படி 2⁻³³ மீற்றர். அணுவின் பருமனோடு ஒப்பிடத் தக்க அளவு அது.

◆ கடலில் நிலைமை வேறு. 1974 ஜூனில் இலங்கையும் இந்தியாவும் செய்த கடலெல்லை ஒப்பந்தத்தின் முதற்புள்ளி வடக்கு 10 பாகை 5 கலை, கிழக்கு 80 பாகை 3 கலை. பருத்தித்துறைக்கு வடமேற்கே உள்ள கடலில் அந்தப் புள்ளி விழுகிறது. அதன் சுட்டிகளும் 3, 6தான். நெடுங்கோட்டைக் கிட்டிய ஃபுளோட் எண்ணாக மாற்றும்போது வரக்கூடிய பிழை அரைப் படி, அதாவது 42 சென்ரிமீற்றரைத் தாண்டாது. படகில் வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவியின் வழு பொதுவாகச் சில மீற்றர். கடற்றொழிலாளரின் கருவிக்கு ஃபுளோட் போதும், காணி அளப்பவருக்குப் போதாது.

◆ இந்தச் சிக்கலையே தவிர்த்துவிட்டது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். பாகையைக் கோடியால் பெருக்கி முழு எண்ணாகச் சேமிக்கிறது. 180 பாகை 180 கோடி ஆகும், 32 பிட் முழு எண்ணுக்குள் அது அடங்கும். சுட்டியே இல்லாததால் படியும் மாறுவதில்லை. வடக்கு தெற்காக எந்த ஊரிலும் ஏறத்தாழ 1.1 சென்ரிமீற்றர்.

◆ செயற்கை நுண்ணறிவு மாதிரிகளில் புழங்கும் பிஃபுளோட்16 என்ற வகையில் சுட்டிக்கு அதே 8 பிட், பின்னத்துக்கோ 7 மட்டுமே. பருத்தித்துறையின் நெடுங்கோட்டில் படி அரைப் பாகை, ஏறத்தாழ 55 கிலோமீற்றர்! 80.23ஐ அதில் வைத்தால் 80 ஆகிவிடும். யாழ்ப்பாண நகரமும் அதே 80இல் நிற்கும்.

◆ மக்கள்தொகைக் கணக்கிலும் சுட்டி தலையிடும். ஃபுளோட்டில் 16,777,216 வரை எல்லா முழு எண்களும் பிசகாமல் நிற்கும். அதைத் தாண்டியதும் சுட்டி 24 ஆகிறது, படி 2 ஆகிறது, ஒற்றை எண்களுக்கு இடமில்லை. 1981இல் இலங்கையின் மக்கள்தொகை ஒன்றரைக் கோடிக்கும் குறைவு, அந்த எல்லைக்குள் அடங்கியது. 2012 கணக்கெடுப்பில் 20,359,439. இதை ஃபுளோட்டில் வைத்தால் 20,359,440 ஆகிவிடும்.

◆ மடக்கை எடுத்துச் சுட்டியைக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். கணிதத்தில் சரி, கணினியில் ஆபத்து. 8க்கு மிக அருகே கீழேயுள்ள ஃபுளோட் எண் ஏறத்தாழ 7.9999995. அதன் சுட்டி 2. ஆனால் 2ஐ அடியாகக் கொண்ட மடக்கையை ஃபுளோட்டில் எடுத்தால் விடை 3க்கு மிக அருகே வந்து, 3 என்றே முழுமையாக்கப்பட்டுவிடும். மடக்கைச் செயற்கூறு எவ்வளவு திறமாக எழுதப்பட்டிருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் உண்மையான விடைக்கு மிக அருகிலுள்ள ஃபுளோட் எண் 3தான்.

◆ மடக்கை அட்டவணையில் பழகிய மாணவர்களுக்கு இன்னொரு பொறி உடனே விளங்கும். 1ஐவிடச் சிறிய எண்ணுக்குச் சிறப்பியல்பு கீழ்நோக்கிப் போகும். 0.3இன் மடக்கை, 2ஐ அடியாகக் கொண்டால், −1.737. சுட்டி −2, ஏனென்றால் 0.3 என்பது 1.2 × 2⁻². ஆனால் சி மொழியில் அந்த மடக்கையை இன்ட் வகைக்கு மாற்றினால் தசமம் வெட்டுண்டு −1 என்று வரும்.

◆ பிட்டுகளை நேரே தொட்டுச் சுட்டியை எடுக்கலாம். 32 பிட்டையும் குறியற்ற முழு எண் ஒன்றுக்குள் மெம்காப்பி செயற்கூற்றால் பிரதி செய்து, வலப்பக்கம் 23 இடம் தள்ளி, 255 என்ற முகமூடியால் கீழ் 8 பிட்டை மட்டும் எடுத்து, 127ஐக் கழித்தால் விடை. பிரதி செய்வதால் வேகம் குறையும் என்று அஞ்சவேண்டாம். இன்றைய கம்பைலர்கள் அதைப் பெரும்பாலும் ஓர் ஆணையாகச் சுருக்கிவிடும். ஃபுளோட்டின் முகவரியை முழு எண் பாயிண்டராக மாற்றி வாசிக்கும் பழைய பழக்கத்தைத்தான் கைவிடவேண்டும். சி மொழியின் விதிகள் அதற்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. உகப்பாக்கத்தைக் கூட்டியதும் தவறான விடை வரக்கூடும். யூனியன் வழியாக வாசிப்பது சி மொழியில் செல்லும், சி பிளஸ் பிளஸில் செல்லாது.

◆ அந்தப் பழைய பழக்கத்தின் புகழ்பெற்ற உதாரணம் 1999இல் வந்த குவேக் 3 விளையாட்டு. வர்க்கமூலத்தின் தலைகீழைக் கண்டுபிடிக்க, ஃபுளோட்டின் பிட்டுகளை முழு எண்ணாக எடுத்து ஓர் இடம் வலப்பக்கம் தள்ளி, 1597463007 என்ற எண்ணிலிருந்து கழித்தார்கள். தள்ளியதும் சுட்டி பாதியாகிறது, கழித்ததும் குறி மாறுகிறது. மீதியை நியூட்டன் முறையின் ஒரு சுற்று திருத்திவிடும்.

◆ பிட்டை நேரே எடுப்பவர்கள் மறக்கும் இடங்கள் இரண்டு. சுட்டிப் புலம் 255 ஆனால் அது எண்ணே இல்லை: முடிவிலி, அல்லது நேன் எனப்படும் எண் அல்லாதது. புலம் 0 ஆனால் பூச்சியமோ, 2⁻¹²⁶ஐவிடச் சிறிய நலிந்த எண்ணோ. ஃபுளோட்டின் மிகச் சிறிய நேர் எண் 2⁻¹⁴⁹. புலத்திலிருந்து 127ஐக் கழித்தால் −127 என்ற தவறான விடை வரும். ஐலாக்பி சரியாக −149 சொல்லும்.

◆ பூச்சியத்துக்குச் சுட்டி எது? ஃப்ரெக்ஸ்ப் 0 என்கிறது. லாக்பி மறை முடிவிலி என்கிறது. ஐலாக்பி இதற்கென ஒதுக்கிய ஒரு மிகப் பெரிய மறை எண்ணைத் தருகிறது. விடையை எடுத்துக் கணக்கில் போடுமுன் பூச்சியமா என்று பார்த்தே ஆகவேண்டும்.

◆ எல்லா இயந்திரங்களிலும் 2தான் அடி என்று இருந்ததில்லை. 1973இல் சென்னை ஐஐடியில் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155, எண்களை 16இன் அடுக்குகளாக வைத்த குடும்பத்தைச் சேர்ந்தது. லாக்பி இயந்திரத்தின் அடியைப் பின்பற்றும் செயற்கூறு. 16ஐ அடியாகக் கொண்ட இயந்திரத்தில் அது 9.82க்கு 0 என்றும் 80.23க்கு 1 என்றும் சொல்லும். ஃப்ரெக்ஸ்ப் எங்கேயும் 2ஐத்தான் எடுக்கும்.

◆ 1996 ஜூன் 4ஆம் திகதி ஏரியன் 5 ரொக்கெட்டின் முதற் பயணம் புறப்பட்டு 40 செக்கனுக்குள் குலைந்தது. 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றைக் குறியுள்ள 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது இடம் போதவில்லை. சுட்டி 14ஐத் தாண்டாத எண் எதுவும் 16 பிட்டுக்குள் அடங்கும். அந்த ஓர் ஒப்பீடு நிரலில் அந்த இடத்தில் இல்லை. அந்த நிரல் முதலில் ஓடிய ஏரியன் 4இன் பாதையில் அந்தப் பெறுமானம் அவ்வளவு பெரிதாகாது என்ற கணிப்பில் காவலில்லாமல் விட்டிருந்தார்கள்.

◆ சி மொழி கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிட் தள்ளும் வித்தையை மாணவருக்குக் கட்டாயம் காட்டுங்கள், எண் எப்படி உள்ளே இருக்கிறது என்பது அதில்தான் பிடிபடும். ஆனால் நாளை அவர்கள் எழுதப்போகும் நில அளவை நிரலுக்கும் மருத்துவக் கருவிக்கும் ஐலாக்பியையும் ஃப்ரெக்ஸ்பையும் பழக்கி அனுப்புங்கள். ஃபுளோட்டா டபிளா என்று தீர்மானிக்கும் முன் சுட்டியைப் பார்த்துப் படியைக் கணக்கிடச் சொல்லிக்கொடுங்கள்.